பனியாறு இறங்கிய கல்யாணராமன்

கல்யாணராமன் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் முகம் வாடக்கூடாதே என்கிற நல்லெண்ணம்தான். மீதியெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

எஸ்.எஸ். காலனியில் சொந்த வீடு. மத்திய அரசுக் கழகம் ஒன்றின் மதுரைக் கோட்ட அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட் உத்தியோகம். வயது நாற்பத்திரண்டு. தொப்பை அதற்குத் தகுந்த அளவு. மனைவி ஸ்யாமளா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கணவர் சொல்வதை மட்டும் மூன்று தடவை.

1983 மே மாதம் இருவரும் ஆபீஸ் எல்.டி.சி. பயணச் சலுகையில் மணாலிக்குப் போனார்கள். அதுவரை கல்யாணராமன் பார்த்த ஐஸ், ஜிகர்தண்டாக் கடையில் உமியும் சாக்கும் போட்டு மூடி வைத்திருந்ததுதான். ரோதங் கணவாயில் எல்லோரையும் போல அவரும் வாடகைக்கு ஒரு மயிர்க்கோட்டு, ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகை, இரண்டு குச்சி எடுத்துக்கொண்டு சமதரையில் நின்றார். போட்டோக்காரன் உடம்பைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னான். சாய்த்தார். படம் எடுத்து முடித்ததும் பலகையிலிருந்து இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தார். அதைப் படம் எடுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் படம் ஆபீஸில் மேசை மேசையாகப் போயிற்று.

"என்ன சார், சறுக்கினீங்களா?" என்று கேட்டார் கணக்குப் பிரிவு பிச்சுமணி.

"ஏதோ, கொஞ்சம்," என்றார் கல்யாணராமன்.

அந்தக் கொஞ்சம் சாயங்கால டீக்குள் ஒரு பர்லாங் ஆயிற்று. ஆடி மாதம் ஒரு மலைச்சரிவாயிற்று. தீபாவளிக்கு மறுநாள் அவர் ஒரு பனியாற்றின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒரே மூச்சில் இறங்கியிருந்தார். பனியாறு என்றால் என்ன என்று கேட்டார்கள். "ஆறுதான். ஆனா ஓடாது. கெட்டியா உறைஞ்சு கிடக்கும்," என்றார். மதுரைக்காரர்களுக்கு ஓடாத ஆறு ஒன்றும் புதிதில்லையாகையால் யாரும் அதற்கு மேல் துருவவில்லை.

இந்தக் கதை கோட்ட மேலாளர் கைலாசநாதனின் காதுக்கும் போனது. கைலாசநாதன் சுற்றறிக்கைகளின் மீது பக்தி கொண்டவர். டில்லியிலிருந்து வருகிற எந்தக் காகிதத்துக்கும் மூன்று நாளில் பதில் போய்விட வேண்டும். கேள்வி என்ன என்பது அப்புறம். 1984 ஜனவரியில் அப்படி ஒரு காகிதம் வந்தது. கழகத்தின் வெள்ளி விழாவை ஒட்டி, நாலு மண்டலத்துக்கும் ஒருவராக நாலு ஊழியர்கள், வருகிற மே மாதம், ரோதங்குக்கு அப்பால் ஒரு பனியாற்றின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை சறுக்கி இறங்கிச் சாதனை படைக்க வேண்டும். முன் அனுபவம் உள்ளவர்களின் பெயரை அனுப்புக.

கைலாசநாதன் அன்றைக்கே அனுப்பிவிட்டு, மறுநாள் கல்யாணராமனை அறைக்குக் கூப்பிட்டார்.

"சவுத் முழுக்கத் தேடியிருக்காங்க. ஆளே இல்லை. நம்ம கிட்ட இருக்குன்னு எழுதிட்டேன்."

"சார், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எதுக்கு? மீனைக் கேட்டா தண்ணியில விடுறோம்?"

மீன் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. ஸ்யாமளா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"தெரியாதுன்னு சொல்லிடுங்கோ."

"எப்படிச் சொல்றது? எட்டு மாசமா சொல்லிண்டிருக்கேன்."

"எட்டு மாசமா சொன்னது பொய்னு சொல்லுங்கோ."

"உதவி மேலாளர் ப்ரமோஷன் லிஸ்ட் இந்த வருஷம் வரதுடி."

ஸ்யாமளா பேனாவைத் திறந்தாள். "அப்பப் போங்கோ. பாலிசிப் பேப்பரெல்லாம் எந்த டிராயர்ல இருக்குன்னு மட்டும் காட்டிட்டுப் போங்கோ."

பக்கத்து வீட்டு லூர்துராஜ் மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டர். தெருவிலேயே கல்யாணராமனை முழுசாக நம்பின ஒரே மனிதர். செய்தி கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளி நூலகத்தில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து, படம் படமாகப் பார்த்து, தச்சாசாரியிடம் தேக்கில் இரண்டு நீளப் பலகை செய்வித்து, முனையைச் சூடுகாட்டி வளைத்து, காலை மாட்டுவதற்கு சைக்கிள் டியூபை அறுத்துப் பட்டை போட்டார்.

"உங்களுக்குத் தெரியாததில்ல சார். இருந்தாலும் டச்சு விட்டுப் போயிருக்குமில்ல? வாடிப்பட்டியில நமக்கு வேண்டியவக ரைஸ் மில்லு இருக்கு. உமி மலை மாதிரிக் கிடக்கு. பனிக்கு அதை விட்டா நம்ம பக்கம் வேற எதுவும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை திண்டுக்கல் பஸ்ஸில் பலகைகளை மேலே கட்டிப்போட்டு இருவரும் வாடிப்பட்டியில் இறங்கினார்கள். மில்லுக்குப் பின்னால் உமி இரண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. மில் முதலாளி சோணைமுத்து பலகையையும் கல்யாணராமனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாரு எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்காக?"

"வேண்டுதல் இல்லண்ணே. டிரெய்னிங்," என்றார் லூர்துராஜ்.

"தீ மிதிக்கிறவகளே இம்புட்டு யோசிக்க மாட்டாக," என்றார் சோணைமுத்து. கல்யாணராமன் உச்சியில் நின்று வெகுநேரமாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல் புடைக்கிற பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். லூர்துராஜ் விசிலை ஊதினார். கல்யாணராமன் குச்சிகளை ஊன்றித் தள்ளினார். பலகை நகரவில்லை. உடம்பு மட்டும் நகர்ந்தது. தலைக்குப்புற உமிக்குள் போய் இடுப்பு வரைக்கும் புதைந்தார். வெளியே தெரிந்த இரண்டு பலகைகளும் ஆடுவதை நிறுத்தியதும் மாயக்காள் என்ற பெண் பதறிப்போய், "ஏய், மூச்சு விடுதாகளான்னு பாருங்கடி," என்றாள். நாலு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்தார்கள்.

அடுத்த வாரம் பலகைக்கு விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். உமி மேலும் நன்றாக ஒட்டியது. ஐந்து ஞாயிறு போனதில் கல்யாணராமன் கற்றுக்கொண்டது, உமிச்சுணை எந்தெந்த இடத்திலெல்லாம் ஏறும் என்பதுதான். இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தார். லூர்துராஜ் மட்டும் தளரவில்லை. "பனியில சுணை இருக்காது சார். அங்க உங்களுக்கு ஈஸி," என்றார்.

மே மாதம் ரயில் நிலையத்தில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். 'தென்னகத்தின் பனிச்சிங்கமே, வென்று வா' என்று துணியில் எழுதிப் பிடித்திருந்தார்கள். சிங்கம் ஸ்யாமளா கொடுத்திருந்த ஓமவாட்டர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தது.

மூன்று ரயில், இரண்டு பஸ், ஒரு லாரி, ஒன்றரை நாள் நடை. பனியாற்றின் அடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். மற்ற மூன்று மண்டலத்துச் சிங்கங்களும் அங்கே வந்து சேர்ந்தன. டில்லியிலிருந்து சாவ்லா, பம்பாயிலிருந்து குல்கர்னி, கல்கத்தாவிலிருந்து பட்டாச்சார்யா. நாலு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் பழைய சாதனைகளைப் பற்றிக் கேட்கவில்லை. பெரிய வீரர்கள் தன்னடக்கமானவர்கள் என்று கல்யாணராமன் நினைத்துக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் தன் குட்டு உடையப்போகிறதே என்று நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

வழிகாட்டி, லாஹௌல் பக்கத்து ஆள், தோர்ஜே என்று பெயர். வெயிலும் பனியும் அடித்துக் காய்ந்த முகம். அதிகம் பேசமாட்டார். பேசுகிற கொஞ்சம் இந்தியும், அதன் முதல் பரீட்சையான பிராத்மிக் வரை படித்த கல்யாணராமனுக்குப் பாதிதான் புரியும். மறுநாள் காலை நாலு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். கனமான பூட்ஸ், பக்கத்துக்கு நாலு கொக்கி. போட்டுக்கொண்டு வாருங்கள், கீழ்ச் சரிவில் ஒருமுறை சறுக்கிக் காட்டுங்கள், பார்க்கிறேன் என்றார்.

நால்வரும் ஒரு பாறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் பூட்ஸைத் தொடவில்லை. மற்றவர்கள் எப்படிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று கல்யாணராமன் காத்திருந்தார். சாவ்லா கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு மறுபடி துடைத்தார். குல்கர்னி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பட்டாச்சார்யா வானத்தைப் பார்த்து மேகத்தின் போக்கைக் கணித்தார். வானத்தில் மேகம் இல்லை. கால் மணி நேரம் போயிற்று. தோர்ஜே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் கல்யாணராமன்தான் ஒரு பூட்ஸை எடுத்துக் காலில் நுழைத்தார். அதைப் பார்த்ததும் மற்ற மூவரும் மளமளவென்று போட்டுக்கொண்டார்கள். எழுந்து நின்றபோது நாலு பேர் காலிலும் வலது இடதாகவும் இடது வலதாகவும் இருந்தது. தோர்ஜே மெல்லப் பனியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது குல்கர்னி. அவருக்குக் கண்ணில் நீர் வரும் வரை சிரிப்பு அடங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில், "உண்மையைச் சொல்லுங்கள் கல்யாணராமன். இதற்கு முன் சறுக்கியிருக்கிறீர்களா?" என்றார்.

"நீங்கள்?"

"குல்மார்க்கில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்."

சாவ்லாவுக்கு ஸிம்லாவில் ஒரு போட்டோ. பட்டாச்சார்யாவுக்கு அதுகூட இல்லை. டார்ஜிலிங்கில் அவருடைய மைத்துனன் இருக்கிறான். அவ்வளவுதான் முன் அனுபவம். கல்யாணராமனுக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. ஊரைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

டீ குடித்துக்கொண்டே அவசரக் கூட்டம் நடந்தது. அப்படியே திரும்பிப் போனால் நாலு பேர் வேலைக்கும் ஆபத்து என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. மேலே போகாமலே போனதாக எழுதலாம் என்றார் சாவ்லா. வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டுமே என்றார் பட்டாச்சார்யா. சாவ்லா தோர்ஜேயிடம் போய் இந்தியில் வெகுநேரம் குழைந்துவிட்டு வந்தார்.

"பொய்யில் கையெழுத்துப் போடமாட்டானாம். மேலே கூட்டிப்போய்க் கீழே கூட்டிவருகிறேன் என்கிறான். நாம் எப்படி இறங்குகிறோம் என்பது அவன் கவலை இல்லையாம்."

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே கிளம்பினார்கள். பனி அப்போது சிமென்ட் தரை மாதிரி இறுகியிருக்கும். வெயில் ஏறினால் இளகிப் புதைய வைக்கும். பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் கட்டி, நாலு பேரையும் ஒரே கயிற்றில் பிணைத்து, தோர்ஜே முன்னால் நடந்தார். எட்டுப் பலகைகளையும் இரண்டு லாஹௌல் பெண்கள் முதுகில் கட்டிச் சுமந்தார்கள். கல்யாணராமன் பத்து அடிக்கு ஒருதரம் நின்று, வாயைத் திறந்து காற்றைத் தேடினார். அந்தப் பெண்களில் ஒருத்தி ஏறிக்கொண்டே காலுறை பின்னிக்கொண்டு போனாள். உச்சிக்குப் போய்ச் சேரும்போது ஒரு கால் முடிந்திருந்தது.

மேலே ஒன்பது மணிக்கு வெயில் கண்ணைக் குத்தியது. சுற்றிலும் ஒரே வெள்ளை. தோர்ஜே பின்னால் பனிக்கோடரியை ஊன்றி முட்டுக்கொடுக்க, நால்வரும் பலகைமேல் நின்று கழகத்தின் கொடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பலகைகள் மறுபடியும் அந்தப் பெண்களின் முதுகுக்குப் போயின. வீரர்கள் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தபடியேதான் இறங்கினார்கள். மேலே நின்று தோர்ஜே கயிற்றை விட விட, சாவ்லா, பட்டாச்சார்யா, குல்கர்னி, கல்யாணராமன் என்று வரிசையாகப் பிட்டத்தில் வழுக்கினார்கள். வண்டியூர்த் தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து நடத்துகிற மாதிரி தோர்ஜே அவர்களை நடத்தினார். தெப்பத்தில் சாமி கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், இங்கே நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஓரிடத்தில் பனி இரண்டு முழ அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. தோர்ஜே அவர்களைத் தவழவிட்டுச் சுற்றிக் கொண்டுபோனார். கல்யாணராமன் ஓரக்கண்ணால் உள்ளே பார்த்தார். அடி தெரியவில்லை, மயில்துத்தம் போல ஒரு நீலம் மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று. மீனாட்சிக்கு ஒரு பட்டுப்புடவை நேர்ந்துகொண்டு, சற்றுத் தள்ளி வந்ததும் அதைப் பாவாடையாகக் குறைத்துக்கொண்டார்.

பாதி வழியில் தலைக்கு மேலே சர்ரென்று ஒரு சத்தம். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்துகொண்டிருந்தாள். இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கையில் குச்சி கூட இல்லாமல், பாம்பு ஊர்வது போல வளைந்து வளைந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் வந்ததும் பலகையைத் திருப்பி நிறுத்தினாள். நாலு பேர் முகத்திலும் பனி வாரி அடித்தது.

"யாருக்காவது அடிபட்டிருக்கிறதா? உதவி வேண்டுமா?" என்று அக்கறையோடு கேட்டாள்.

"இல்லை அம்மணி. நாங்கள் பனியை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்," என்றார் சாவ்லா, உட்கார்ந்தபடியே.

அவள் தோர்ஜேயைப் பார்த்தாள். தோர்ஜே மலையைப் பார்த்தார். "நல்லபடியாக ஆராய்ச்சி செய்யுங்கள்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளியானாள். அப்புறம் அதுவும் இல்லை. அவள் போன தடம் மட்டும் கல்யாணராமனின் காலடியிலிருந்து கீழ் வரைக்கும் நெளிந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு இறங்கினார்.

அடிவாரத்தை நெருங்கும்போது மணி பத்தரை. சரிவு தணிந்துவிட்டது. பனி மேலாக இளகி ஜவ்வரிசி ஜவ்வரிசியாகப் பிரிந்து கிடந்தது. தோர்ஜே கயிற்றை அவிழ்த்தார். இவ்வளவு தூரம் சுமந்து வந்தாயிற்று, ஒருமுறையாவது காலில் மாட்டிப் பாருங்கள் என்றார். சாவ்லா முடியாது என்று கையை ஆட்டினார். குல்கர்னிக்கு முழங்கால். பட்டாச்சார்யா படுத்துவிட்டார். கல்யாணராமன் காலை நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரியாது.

தோர்ஜே பலகையை மாட்டி, முழங்காலைக் கையால் தட்டி மடக்கி, தோளைப் பிடித்து முன்னுக்குச் சாய்த்து, விட்டார்.

பலகை தானாகப் போயிற்று. கல்யாணராமன் நின்றுகொண்டே போனார். காதில் காற்று ஓடியது. அடியில் ஜவ்வரிசி பிசுபிசுவென்று பேசியது. தொப்பை, ஆபீஸ், ப்ரமோஷன் லிஸ்ட் ஒன்றும் நினைவில்லை. விழப்போகிறோம் என்பது கூட நினைவில்லை. லேசாக வளைந்தபோது உடம்பு தானே ஒரு பக்கம் சாய்ந்துகொடுத்தது. யாரோ கூவுவது கேட்டது. தன் குரல்தான் என்று பிறகு தெரிந்தது. நூறு கஜம் இருக்கும். அப்புறம் பக்கவாட்டில் விழுந்து, மல்லாந்து கிடந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார். தோர்ஜே வந்து கை கொடுத்துத் தூக்கி, "படியா," என்றார். நன்றாக இருந்தது என்று அர்த்தம். பிராத்மிக் படித்ததற்கு அந்த ஒரு சொல்லாவது உதவிற்று.

அன்று மாலை அறிக்கை எழுதினார்கள். குல்கர்னிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். "நால்வரும் பனியாற்றின் உச்சியிலிருந்து நாலாயிரம் அடி உயரத்தை இரண்டு மணிக்கும் குறைவான நேரத்தில் கடந்து, எவ்விதக் காயமுமின்றி அடிவாரத்துக்கு இறங்கி வந்தனர்." சாவ்லா மொழிபெயர்த்துச் சொன்னதைத் தோர்ஜே கவனமாகக் கேட்டார். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டார்.

மதுரைக்குத் திரும்பிய கல்யாணராமனின் முகம் பாதி கரிந்து, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்து, ஆந்தை மாதிரி இருந்தது. அதுவே பெரிய சாட்சியாகிவிட்டது. ஸ்யாமளா அவருடைய பையைப் பிரித்துத் துணிகளைத் தோய்க்க எடுத்தாள். கம்பளிக் கால்சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முழங்கால் புதிதாக இருந்தது. பின்பக்கம் சல்லடையாக இருந்தது. அவரையும் அதையும் ஒருமுறை பார்த்தாள். கால்சட்டையைத் தூர எறிந்துவிட்டாள்.

பாராட்டுக் கூட்டம் ஆபீஸ் மாடியில் நடந்தது. கைலாசநாதன், "இமயத்தின் முதுகில் கழகத்தின் முத்திரையைப் பதித்தவர்," என்று பேசினார். எதனால் பதித்தார் என்பதை அவர் அறியார். கல்யாணராமன் எழுந்தார். நூறு கஜத்தைச் சொல்ல வேண்டும் போலத்தான் அவருக்கு வாய் துறுதுறுத்தது. அந்தக் காற்று, அந்தச் சத்தம், உடம்பு தானே சாய்ந்தது. ஆனால் எதிரே இருநூறு பேர் நாலாயிரம் அடிக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலாயிரம் அடியையே சொன்னார். பனிவெடிப்பை ஒரே தாவலில் தாண்டினார். வழி தெரியாமல் தவித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் காப்பாற்றிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

பின் வரிசையிலிருந்து லூர்துராஜ் எழுந்தார். கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். "சார், ஒரு சந்தேகம். வலப்பக்கம் திரும்புறப்ப எந்தக் கால்ல பாரம் வச்சீக?"

கல்யாணராமன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு கால்லயும் சமமா," என்றார்.

லூர்துராஜ் எழுதிக்கொண்டார். புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருந்தது. புத்தகம்தான் தப்பு என்று முடிவு செய்து, மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்டில் ப்ரமோஷன் லிஸ்ட் வந்தது. கல்யாணராமன் பெயர் இருந்தது. தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஒரு வாரம் கழித்து எங்கே போடுகிறார்கள் என்ற உத்தரவு வந்தது. கழகம் ஸிம்லாவில் புதிதாகக் கிளை திறக்கிறது. குளிருக்குப் பயந்து எவனும் போகமாட்டேன் என்கிறான். பனியில் அனுபவம் உள்ள ஒரே உதவி மேலாளர் என்கிற முறையில் திரு. கல்யாணராமன் உடனே போய்ச் சேரவும். குறைந்தது மூன்று வருஷம்.

கைலாசநாதனிடம் ஓடினார்.

"சார், எனக்குக் குளிர் ஒத்துக்காது. மூச்சு வாங்கும்."

"எதுக்கு இந்தத் தன்னடக்கம்?" என்றார் கைலாசநாதன். "பனியாத்துலயே மூச்சு வாங்கலைன்னு நீங்கதான் சொன்னீங்க. என் ரிப்போர்ட்லயும் எழுதியாச்சு. இப்ப மாத்தி எழுதினா முதல்ல எழுதினது பொய்ன்னு ஆகாதா?"

டாக்டரிடம் சர்ட்டிபிகேட் கேட்டார். டாக்டரும் பாராட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர். முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். சாவ்லாவுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. சாவ்லாவை ஸிம்லாவைவிடக் குளிர்ந்த லே பக்கம் மாற்றியிருந்தார்கள். அந்த ஊர்க் குளிரைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். ப்ரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தார். காலையில் பிச்சுமணி, "வணக்கம், அஸிஸ்டென்ட் மேனேஜர் சார்," என்றதும் அந்த யோசனை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்யாமளா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கூடப் போகவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பப்ளிக் பரீட்சை இருக்கிறது. கல்யாணராமன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் மப்ளர்களை மடிப்பதைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல், எல்லாவற்றையும் சொன்னார். பூட்ஸ் மாறினதை, கயிற்றை, உட்கார்ந்து இறங்கினதை. ஸ்யாமளா மடிப்பதை நிறுத்தவில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த கணக்கு. பிறகு அந்த நூறு கஜத்தைச் சொன்னார். வார்த்தை சரியாக வரவில்லை. கையை நீட்டிக் காட்டினார். எழுந்து முழங்காலை மடக்கிக் காட்டினார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"பயமா இல்லையா?"

"இல்லைடி. அதுதான் எனக்கே ஆச்சரியம்."

"இதை மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே. மத்ததைவிட இது நன்னாருக்கே."

"நூறு கஜத்துக்கு யாரு மாலை போடுவா?"

ஸ்யாமளா மப்ளரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அவரை மேலே உட்காரச் சொல்லிப் பூட்டினாள்.

"கிறிஸ்துமஸ் லீவுக்கு வரேன். எனக்கும் ஒருதரம் காட்டுங்கோ."

"அதுக்கென்ன, பேஷா காட்டறேன்," என்றார் கல்யாணராமன் பெட்டிமேல் உட்கார்ந்தபடி. முகம் மலர்ந்துவிட்டது. "ஸிம்லாவுக்குப் பக்கத்துலயே ஒரு சரிவு இருக்கு. ஆறாயிரம் அடி, செங்குத்தா—"

ஸ்யாமளா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஐம்பது கஜம் இருக்கும்," என்றார். "இருக்குமோ என்னமோ. போய்த்தான் பார்க்கணும்."